பாமர் தெருவில் ஒரு கச்சேரிப் பருவம்

அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ், ஹார்வர்ட் சதுக்கம். ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் கூப் புத்தகக் கடையின் கட்டடங்களுக்கு நடுவே ஒரு சந்து போகிறது. அதுதான் பாமர் தெரு. பகலில் சரக்கு வண்டிகள் நிற்கும், அவசரமாகப் போகிறவர்கள் குறுக்கு வழியாகப் புகுந்து போவார்கள். அந்தச் சந்தில் 47ஆம் எண்ணில் படியிறங்கிப் போனால் கிளப் பாசிம், நாட்டார் இசைக் கச்சேரிகள் நடக்கும் சின்ன அறை. நூறு பேருக்குச் சற்று மேல் உட்காரலாம். சின்னச் சின்ன மேஜைகள், இடித்துக்கொண்டு போட்ட நாற்காலிகள், தாழ்வான மேடை. முன்னால் இடம் கிடைத்தால் பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் காதில் விழும். போன இலையுதிர் காலம் தொடங்கி இந்த மே மாதக் கடைசி வரை, வேலையும் பனியும் விட்ட வாரமெல்லாம் அங்கேதான் போய்க்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் வருவது பெரிய மனிதர்களின் பெயர்கள். 1958இல், கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு ஜாய்ஸ் கலினா, பாலா கெல்லி என்ற இரண்டு இளம்பெண்கள் மவுண்ட் ஆபர்ன் தெரு 47ஆம் எண்ணில் ஜாஸ் இசைக்கென்று ஒரு காப்பிக் கடை திறந்தார்கள். கிளப் 47 என்று பெயர். அந்த வருடமே 17 வயது ஜோன் பேயஸ் கிட்டாரோடு அங்கே பாட வந்தார். கடையின் போக்கே ஜாஸிலிருந்து நாட்டார் பாட்டுக்கு மாறிவிட்டது. அடுத்த வருடம் அவர் நியூபோர்ட் நாட்டார் இசை விழா மேடையில் இருந்தார், 1962இல் டைம் இதழின் அட்டையில் இருந்தார். பாப் டிலன், அவரை யாருக்கும் தெரியாத நாளில், மற்றவர்களின் கச்சேரி இடைவேளையில் அங்கே பாடியிருக்கிறார். 1963இல் கடை பாமர் தெருவுக்கு வந்தது. இங்கேயும் கதவு எண் 47தான், அதனால் பெயரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. 1968இல் மூடினார்கள். அடுத்த வருடம் அந்த இடத்துக்கு பாசிம் என்று பெயர் வந்தது. அதை நடத்தியவர்கள் பாப் டான்லின், ரே ஆன் டான்லின் தம்பதி. கொஞ்ச காலத்தில் பாட்டைத் திரும்பக் கொண்டுவந்து, 1990களின் நடுப்பகுதி வரை நடத்தினார்கள். சூசன் வேகா, ஷான் கால்வின் போன்றவர்கள் அந்தக் காலத்தில் அங்கே பாடியவர்கள். அதன் பிறகு லாப நோக்கமில்லாத அமைப்பாகி, இன்று வரை அப்படியே நடக்கிறது.

எல்லாம் பெருமைக்குரிய வரலாறுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதையைச் சொல்லும் விதத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சின்ன அறை என்றால் பெரிய அரங்குக்குப் போகிற படிக்கட்டு, இங்கே பாடி அங்கே போனவர்களால்தான் இதற்கு மதிப்பு என்று ஆகிவிடுகிறது. ஒரு பருவம் முழுக்க அங்கே உட்கார்ந்து கேட்ட பிறகு என் எண்ணம் வேறு. இந்த இசைக்குப் பொருத்தமான அளவே இதுதான். இதைப் பெரிதாக்கும்போது அது வேறு ஏதோ ஒன்றாகிவிடுகிறது. அது நன்றாகவும் இருக்கலாம், ஆனால் இது இல்லை.

அக்டோபரில் ஒரு இரவு இதை எனக்குக் காட்டிக் கொடுத்தது. அன்றைக்குப் பாடியவர் இளம்பெண். கிட்டாரோடு பாதிக் கச்சேரி முடித்திருந்தார். அப்புறம் கிட்டாரைத் தாங்கியில் வைத்துவிட்டு, மைக்கை விட்டு ஓரடி தள்ளி நின்று, பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு பழைய கதைப்பாட்டைத் தொடங்கினார். அக்கா தங்கை கதை. இரண்டு பேருக்கும் ஒரே ஆள் மேல் ஆசை. அக்கா தங்கையை ஆற்றில் தள்ளிவிடுகிறாள். உடல் மிதந்துபோய் மாவு ஆலையின் அணையில் ஒதுங்குகிறது. அந்த வழியாக வந்த இசைக்காரன் அவள் மார்பெலும்பை எடுத்து யாழ் செய்கிறான், கூந்தலை நரம்பாகக் கட்டுகிறான். யாழ் தானாகவே பாடத் தொடங்குகிறது, கொன்றது யாரென்று சொல்லிவிடுகிறது.

கதை இரண்டு வரி நகர்ந்தால், நடுவில் மாறாமல் ஒரு பல்லவி வரும். அர்த்தம் பெரிதாக இல்லாத, நடனத்துக்கு அடி வைக்கச் சொல்கிற மாதிரியான பல்லவி. அதை எங்களைப் பாடச் சொன்னார். முதல் இரண்டு சுற்று எல்லாரும் சிரித்த முகத்தோடு பாடினோம். அக்கா தங்கையை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போகும் இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் பல்லவியை நிறுத்த முடியாது, அடுத்த வரி வர வேண்டுமென்றால் நாங்கள் பாடியாக வேண்டும். அவள் தண்ணீரில் கை நீட்டிக் கெஞ்சும்போதும் நாங்கள் பாடினோம். நூறு பேரும் சேர்ந்து அந்தக் கதையை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தோம். எனக்கு அடிவயிறு கனத்தது. பக்கத்து மேஜையில் ஒரு வயதானவர் கீழ்ச் சுரத்தில் தனியாக ஒரு குரல் சேர்த்துக்கொண்டிருந்தார், கண்ணை மூடியபடி. பத்தாயிரம் பேர் கூடும் இடத்திலும் கூட்டம் சேர்ந்து பாடும், ஆனால் அங்கே நம் குரல் நமக்கே கேட்காது. இங்கே நான் பாடாமல் விட்டால் அந்த மேஜையில் ஒரு குரல் குறையும், பாடகருக்கு அது தெரியும்.

வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இது புரியும். தலைமைப் புலவர் ஒரு அடி சொன்னதும் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடி, ‘ஆமா’ போட்டுத்தான் கதையை நகர்த்துவார்கள். அண்ணியின் கொடுமை தாங்காமல் பிள்ளைகளைக் கிணற்றில் போட்ட நல்லதங்காளின் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, எலும்பில் செய்த யாழ் அந்நியமாகவே படவில்லை. குடும்பத்துக்குள் நடக்கும் கொடுமையைச் செய்தித்தாள் இல்லாத காலத்தில் ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்பதற்கு இரண்டுமே சாட்சி.

அந்தப் பாட்டுக்கு ஒரு எண் உண்டு: சைல்டு 10. இந்த எண்ணைக் கொடுத்த மனிதர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு, கிளப்பின் படிக்கட்டிலிருந்து சில நிமிட நடையில் பாடம் நடத்தியவர். பாஸ்டனில் கப்பல் பாய் தைப்பவரின் மகன், 1825இல் பிறந்தவர். ஹார்வர்டின் முதல் ஆங்கிலப் பேராசிரியர். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாட்டார் கதைப்பாடல்களை, ஒவ்வொன்றுக்கும் கிடைத்த எல்லா வடிவங்களோடும் சேர்த்து 305 பாடல்களாகத் தொகுத்தார். 1882இல் வெளிவரத் தொடங்கிய தொகுப்பு 1898இல் முடிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே அவர் காலமாகிவிட்டார், கடைசிப் பகுதியை அவருடைய மாணவர் கிட்ரெட்ஜ் முடித்து வெளியிட்டார். பாடகர்கள் இன்றைக்கும் மேடையில் “இது சைல்டு 84” என்றுதான் சொல்கிறார்கள். 84 என்பது பார்பரா ஆலன். 1666 ஜனவரியில் லண்டனில் ஒரு நடிகை அதைப் பாடக் கேட்டதாக சாமுவேல் பீப்ஸின் நாட்குறிப்பு சொல்கிறது. அவ்வளவு பழசு.

சைல்டு பெரும்பாலும் கையெழுத்துப் பிரதிகளிலிருந்தும் பழைய அச்சுகளிலிருந்தும்தான் எடுத்தார். அவருக்கு வேண்டியது வாசகம். மெட்டுகள் கடைசியில் ஒரு பிற்சேர்க்கையாகக் கொஞ்சம் வந்தன, அவ்வளவுதான். அவர் மேஜையில் பிரதிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக் கிராமங்களில் அந்தப் பாட்டுகளைப் பாடிக்கொண்டே பாட்டிகள் பால் கறந்துகொண்டிருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து நாட்டுப்பாட்டு சேகரிப்பாளர் செசில் ஷார்ப் 1916இல் வந்து, உதவியாளர் மாட் கார்பெலஸோடு மலை ஏறி இறங்கிய பிறகுதான் வெளியுலகுக்கு அதன் முழு அளவு தெரிந்தது. வட கரோலினாவில் ஜேன் ஹிக்ஸ் ஜென்ட்ரி என்ற ஒரே அம்மாளிடமிருந்து மட்டும் எழுபது பாட்டு குறித்துக்கொண்டு போனார் ஷார்ப். எழுபதும் அவர் மனப்பாடம். அக்டோபரில் பாடிய பெண்ணும் தன் பாட்டு எந்த வழியாக வந்தது என்று சொன்னார்: புத்தகத்தில் பார்த்துப் படித்தது இல்லை, ஒரு கோடை முகாமில் ஒரு மூத்த பாடகரின் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு நாள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கியது. முழங்காலுக்கு முழங்கால் என்று அந்த முறைக்கு அவர்களிடையே பெயர்.

நவம்பரில் ஒரு புளூகிராஸ் குழு, அமெரிக்க நாட்டுப்புறத் தந்தி வாத்தியங்களின் வேகமான இசை. ஐந்து பேர், ஒரே ஒரு மைக். இதை நேரில் பார்க்காதவர்களுக்கு விளக்க வேண்டும். மேடை நடுவில் நல்ல கண்டென்சர் மைக் ஒன்று நிற்கும். ஃபிடில், மேண்டலின், பான்ஜோ, கிட்டார் எல்லாரும் அதைச் சுற்றி அரைவட்டமாக நிற்பார்கள், பெரிய பாஸ் பின்னால். யார் ஒலி முன்னால் வர வேண்டுமோ அவர் ஓரடி முன்னே போவார், மற்றவர்கள் விலகுவார்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கிற வேலை முழுக்கக் காலால் நடக்கிறது. பான்ஜோக்காரர் தன் தனி வாசிப்பை முடித்து வலப்பக்கம் சரியும்போதே, ஃபிடில்காரர் அவருடைய தோளுக்கு அடியில் வில்லை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைகிறார். ஒரு அங்குலம் தப்பினால் வில் பாடகரின் கண்ணில் படும். தாளத்துக்கு டிரம் கிடையாது. பாஸ் முதல் தட்டில் விழ, எதிர்த்தட்டில் மேண்டலின் நரம்புகளை அமுக்கி ‘சக்’ என்று வெட்டும். வெறும் இந்த இரண்டை வைத்துக்கொண்டு எவ்வளவு வேகம் போனாலும் தாளம் அசையாது. ஒவ்வொருவருக்கும் தனி மைக், தன் ஒலி தனக்குக் கேட்கக் காலடியில் மானிட்டர் பெட்டி என்று போட்டால் இந்த நடமாட்டமே தேவைப்படாது. கூடவே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே வாசிக்கிற கட்டாயமும் போய்விடும். அந்தக் கட்டாயத்தில்தான் புளூகிராஸின் உயிர் இருக்கிறது என்பது என் துணிபு.

அக்கூஸ்டிக், அதாவது மின்வாத்தியம் இல்லாத, கச்சேரி என்றால் மைக்கே இல்லை என்று ஊரில் நண்பர்கள் நினைக்கிறார்கள். பாசிமில் ஒலிபெருக்கி உண்டு, ஒலியமைப்பாளர் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஆனால் அவர் வேலை, மர வாத்தியம் மர வாத்தியமாகவே கேட்கும்படி பார்த்துக்கொள்வது. கிட்டாரின் நரம்புகளைத் தாங்கும் பாலத்துக்கு அடியில் பதித்த, அதிர்வை வாங்கும் பிக்கப்பை மட்டும் நம்பினால் சத்தம் பிளாஸ்டிக் டப்பாவைத் தட்டின மாதிரி வரும். அதனால் முன்னால் ஒரு மைக்கும் வைத்து, இரண்டையும் அளவாகக் கலக்கிறார்கள். நம் சபாக்கள் சிலவற்றில் மிருதங்கம் காதைக் கிழிக்க, வயலின் தகரமாக ஒலிக்க, தலைவலியோடு வீடு திரும்பிய மார்கழிகள் எனக்கு நினைவிருக்கின்றன. கர்நாடக இசையும் ஒரு காலத்தில் இந்த அளவு அறைகளில், கல்யாண வீட்டுக் கூடங்களில் வளர்ந்ததுதான். அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஜனவரியில் பாஸ்டன் கெல்டிக் இசை விழா. பாசிம்தான் நடத்துகிறது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, கனடாவின் கேப் பிரிட்டன், கியூபெக் என்று எல்லா மரபும் சில நாளில் அந்த அறை வழியாக வந்துபோகும். இதற்குப் பின்னால் இந்த ஊரின் கூலிக்காரர் வரலாறு இருக்கிறது. 1940, 50களில் பாஸ்டன் ராக்ஸ்பரியில் டட்லி தெருவில் ஐரிஷ் நடனக் கூடங்கள் வரிசையாக இருந்தன. வீட்டு வேலை பார்க்கும் பெண்களும் கட்டட வேலைக்காரர்களும் வார இறுதியில் ஆடித் தீர்த்த இடம். கியூபெக்கிலிருந்து வந்தவர்கள் அக்கம்பக்கத்து லோவல், நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டர் பஞ்சாலைகளுக்கு வேலைக்கு வந்த குடும்பங்கள். வேலைக்கு வந்தவர்கள் கொண்டுவந்த பெட்டியில் ஃபிடிலும் இருந்தது.

கியூபெக் ஃபிடில்காரர் ஒருவர் அன்றைக்கு வாசித்தார். நாற்காலியில் உட்கார்ந்து, காலடியில் ஒரு பலகை போட்டு, கட்டியான தோல் ஷூவோடு. கை ரீல் என்ற நடன மெட்டு ஒன்றை வாசிக்க, இரண்டு காலும் குதிகால், நுனி, நுனி என்று மாறி மாறித் தட்டிக்கொண்டே இருக்கும். பிரெஞ்சில் அதற்குப் ‘போடோரித்மி’ என்று பேர். தாளக்காரர் தனியாக வேண்டியதில்லை, அவரே தாளம். முழங்கால்கள் தளர்வாக ஆடுகின்றன, இடுப்புக்கு மேலே உடம்பு அசையவே இல்லை. தாளத்தைச் சற்றே சாய்த்துக் கொடுக்கிற அந்த நடை என் பாதத்தில் தரை வழியாக ஏறியது, மேஜை மேலிருந்த தண்ணீர் சிலிர்த்தது. ஒலிப்பதிவில் பல முறை கேட்ட சங்கதிதான், ஆனால் ஒலிப்பதிவில் அது ஒரு கூடுதல் ஓசை. இங்கே அது அந்த அறையின் தரை.

அன்றிரவு வெளியே வந்தால் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கடைசி ரயிலைப் பிடிக்க ஓடினேன், வேறொன்றும் சொல்வதற்கில்லை.

பிப்ரவரியில் வந்தவர் பழைய மிசிசிப்பி பாணியில் கிட்டார் வாசிப்பவர். கட்டைவிரல் கீழ் நரம்புகளில் மாறி மாறி நடக்க, மற்ற விரல்கள் மேலே மெட்டைப் பின்னும் முறை. அந்த முறையின் பெரிய ஆசான் மிசிசிப்பி ஜான் ஹர்ட். அவர் கதையைப் பாடுவதற்கு முன் சொன்னார் அந்தக் கலைஞர், எத்தனை தரம் கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைக்கிற கதை. 1928இல் ஹர்ட் ஓகே என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குச் சில பாட்டுகள் பதிவு செய்தார். சீக்கிரமே பெரும் பொருளாதாரச் சரிவு வந்து எல்லாம் முடங்கியது. அவர் ஊருக்குத் திரும்பிப் பண்ணை வேலை பார்த்தார். முப்பத்தைந்து வருடம் கழித்து, அவருடைய பாட்டு ஒன்றில் வரும் அவலான் என்ற ஊர்ப் பெயரைத் துப்பாகப் பிடித்துக்கொண்டு ஒரு இளைஞர் மிசிசிப்பிக்குத் தேடிப் போனார். ஹர்ட் அங்கேயே இருந்தார், விரலும் அப்படியே இருந்தது. அந்த 1963ஆம் வருடமே நியூபோர்ட்டில் பாடினார். கிளப் 47லும் வந்து பாடியிருக்கிறார். 1966இல் காலமானார்.

“மறுபடி கண்டுபிடித்தார்கள்” என்றுதான் எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். அந்த முப்பத்தைந்து வருடமும் அவர் அவலானில் அக்கம்பக்கத்தாருக்கு வாசித்துக்கொண்டுதான் இருந்தார் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அவருக்குக் கேட்பவர்கள் இல்லாமல் போகவில்லை, கம்பெனிக்குத்தான் அவர் இல்லாமல் போனார். அந்த மெல்லிய குரலும் அமைதியான விரலும் எத்தனை பேருக்கு முன்னால் உருவானவை என்பது வாசிப்பிலேயே தெரிகிறது: ஒரு திண்ணை அளவு.

பான்ஜோவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளைக்கார மலைவாசிகளின் வாத்தியம் என்று உலகம் நம்பிய அது, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கையில் பிறந்தது. செனகல், காம்பியா பக்கம் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோன்டிங்கைப் பார்த்தால் உறவு தெரிந்துவிடும்: சுரைக்குடுக்கை, மேலே போர்த்திய தோல், கழி, கட்டைவிரல் மீட்டும் குட்டை நரம்பு. ரியானன் கிடன்ஸ் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் இந்த உண்மையை மேடைதோறும் சொல்லிச் சொல்லி நிலைநாட்டியிருக்கிறார்கள். மார்ச்சில் ஒரு கலைஞர் சுரைக்குடுக்கை பான்ஜோவே கொண்டுவந்தார். நகத்தின் பின்பக்கத்தால் நரம்பைக் கீழ்நோக்கி அடித்து, அதே வீச்சில் கட்டைவிரலால் அந்தக் குட்டை ஐந்தாவது நரம்பை மீட்டும் முறை, கிளாஹாமர் என்பார்கள். அந்தக் குட்டை நரம்பு மாறாத ஒரே சுரமாக மேலே ஒலித்துக்கொண்டே இருக்கும். சுருதிப் பெட்டி கேட்டுப் பழகிய காது அதில் உடனே போய் உட்கார்ந்துகொள்கிறது. தோலும் குடலும் கட்டிய வாத்தியம், ஈரப்பதம் மாறினால் சுருதி இறங்கும். அன்றைக்கு அறைக்குள் கூட்டம் சேரச் சேர அவர் இரண்டு பாட்டுக்கு ஒரு தரம் முறுக்காணியைத் திருகிக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில்தான் கதை சொன்னார். யார் தாத்தா, எந்த மாவட்டம், எந்தச் சமையலறை என்று.

பாட்டுக்கு நடுவில் பேசுவது இந்த மரபில் ஒரு பாதிக் கலை. நம் கச்சேரியில் பாடகர் பேசினால், ராகத்தின் பெயரையும் சாகித்யகர்த்தாவையும் சொல்வார், மீதியைப் பாட்டு பேசட்டும் என்று விடுவார். அதற்கு ஒரு கம்பீரம் உண்டு. இங்கே பாட்டு வந்த வழியைச் சொல்லாமல் பாடினால் ஏதோ குறைகிற மாதிரி நினைக்கிறார்கள். நல்ல கலைஞர்கள் அதை நீட்டுவதில்லை. கிட்டாரின் கழுத்தில் மாட்டும் கவ்வியான கேப்போவை அடுத்த கட்டைக்கு நகர்த்தி, நரம்பைச் சரிபார்க்கும் அரை நிமிடத்துக்குள் ஒரு மனிதரை நம் முன்னால் நிறுத்திவிடுவார்கள். இது பெரிய அரங்கில் செல்லுபடியாகாது. முகம் தெரிய வேண்டும், குரலைத் தாழ்த்த முடிய வேண்டும்.

இவ்வளவையும் சொன்னாலும், அந்த அறை எதற்காக இருக்கிறது என்று என்னைக் கேட்டால் ஓபன் மைக் இரவைத்தான் காட்டுவேன். பெயர் கொடுத்த எவரும் மேடையேறலாம், ஆளுக்கு ஓரிரு பாட்டு. பெர்க்லி இசைக் கல்லூரி மாணவர்கள் மின்னல் வேகத்தில் வாசித்துவிட்டுப் போவார்கள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து அடையாள அட்டையைக் கழற்றாமலே ஒருவர் வருவார். ஏப்ரலில் ஒரு இரவு எழுபதைத் தாண்டிய ஒருவர் மேடையேறினார். மனைவி பாடுகிற பாட்டு, இப்போது அவள் இல்லை, அதனால் நான் பாடுகிறேன் என்று மட்டும் சொன்னார். இரண்டு கண்ணி நன்றாகப் போயிற்று. மூன்றாவதில் வார்த்தை மறந்துவிட்டது. கிட்டார் மட்டும் அதே இரண்டு சுரக்கூட்டுகளில் சுற்றிக்கொண்டிருந்தது. நாலாவது சுற்றில், பின் மேஜையிலிருந்து ஒரு பெண் குரல் அந்த வரியை மெதுவாகப் பாடியது. அவர் தலையசைத்தார், வாங்கிக்கொண்டார், பாட்டு மேலே போயிற்று. யாரும் கைதட்டி அதைப் பெரிதுபடுத்தவில்லை. பாடி முடித்து இறங்கியதும் அந்தப் பெண்ணின் மேஜைக்குப் போய் உட்கார்ந்தார், பழைய சிநேகிதர்கள்தான் என்று நினைத்தேன். இல்லை, அன்றைக்குத்தான் முதல் அறிமுகம் என்று அந்தப் பெண்ணே பிறகு சொன்னார்.

காசுக் கணக்கும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இதெல்லாம் காற்றில் நடப்பதில்லை. டிக்கெட் பெரும்பாலும் 20இலிருந்து 35 டாலருக்குள். 25 டாலர் என்று வைத்துக்கொண்டு அறை நிறைந்தாலும், நூறு பேருக்கு 2,500 டாலர். அதில் இடத்துக்காரரின் பங்கு, ஒலியமைப்பாளர், பிறகு நாலு பேர் குழு, வேனுக்குப் பெட்ரோல், ராத்தங்கல். பாக்கி என்ன இருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அறை நிறையாத செவ்வாய்க்கிழமைகளும் உண்டு. அதனால்தான் கச்சேரி முடிந்ததும் கலைஞர் நேராகக் கதவுப் பக்கத்து மேஜைக்கு வந்து குறுந்தகடும் சட்டையும் விற்க நிற்கிறார். ஒரு தகட்டை வாங்கிக்கொண்டு நாலு வார்த்தை பேசினால் அவருக்கு அடுத்த ஊர் வரை பெட்ரோல் காசு.

பாசிம் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், டிக்கெட்டை மட்டும் நம்பாததுதான். உறுப்பினர் சந்தா, நன்கொடை, கூடவே ஒரு இசைப் பள்ளி. மேடையில் பாடுகிறவர்களில் பலர் அந்தப் பள்ளியில் ஃபிடிலும் பான்ஜோவும் சொல்லிக் கொடுத்து மாதச் செலவை ஓட்டுகிறார்கள். இகுவானா நிதி என்று ஒன்று வைத்து, வருடந்தோறும் கலைஞர்களுக்கு இசைத்தட்டு பதிவுக்கும் வாத்தியத்துக்கும் உதவித்தொகை தருகிறார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் கதவை மூட வேண்டி வந்தபோது, தங்கள் நிலைமையே கேள்விக்குறியாக இருந்த நேரத்தில், வருமானம் நின்றுபோன கலைஞர்களுக்கென்று அவசர நிதி திரட்டிக் கொடுத்தார்கள். அதை நான் மறக்க மாட்டேன். இந்த வட்டாரத்தில் பாசிம் மாதிரி நிரந்தரக் கட்டடம் இல்லாத இடங்களும் நிறைய. மார்பிள்ஹெட்டிலும் வேறு பல ஊர்களிலும் தேவாலயக் கூடங்களில் மாதம் சில இரவுகள் காப்பிக் கடை என்ற பெயரில் கச்சேரி நடக்கும். நாற்காலி போடுவதிலிருந்து கேக் சுடுவது வரை தொண்டர்கள்தான். பாஸ்டன் வாடகையை நினைத்துப் பார்த்தால், இப்படி ஒவ்வொரு இடமும் உயிரோடு இருப்பதற்கு யாரோ சிலர் சம்பளமில்லாமல் உழைக்கிறார்கள் என்று தெரியும். ஊரின் நூலகத்தைப் போல இதற்கும் பொதுப்பணம் கொஞ்சமாவது ஒதுக்கப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மே மாதக் கடைசியில், மெமோரியல் டே என்ற அமெரிக்க நினைவு நாள் விடுமுறையின் வார இறுதியில், பாசிமின் கேம்ப்ஃபயர் விழா. நாட்கணக்கில் தொடர்ந்து நடக்கும். மூன்று நான்கு பேரை ஒரே நேரத்தில் மேடையில் வரிசையாக உட்கார வைத்துவிடுவார்கள். முதலாமவர் ஒரு பாட்டு, அடுத்தவர் ஒரு பாட்டு என்று சுற்று போகும். முன்பின் தெரியாதவர்களாகவும் இருக்கலாம். ஒருவர் பாடும்போது பக்கத்திலிருப்பவர் முதல் கண்ணியைக் கூர்ந்து கேட்பார், இரண்டாவதில் மெட்டைத் தடவிப் பார்ப்பார், மூன்றாவதில் துணைக்குரல் சேர்ந்துவிடும். இந்த வருடம் அப்படி ஒரு சுற்றில், இருபது வயதுப் பையன் ஒருவன் புதிதாக எழுதிய பாட்டுக்கு, பக்கத்தில் இருந்த மூத்த ஃபிடில்காரர் இடையிசை கொடுத்தார். அவன் பாதியில் பாட்டை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். “பாடுப்பா” என்கிற மாதிரி அவர் வில்லால் சைகை காட்டினார்.

கோடையில் கச்சேரிகள் பாதி பூங்காக்களுக்கும் விழாத் திடல்களுக்கும் போய்விடும். செப்டம்பர் முதல் வாரம், தொழிலாளர் தினத்தை ஒட்டி மறுபடி கேம்ப்ஃபயர், அதோடு அடுத்த பருவம். புதிதாக பாஸ்டன் பக்கம் படிக்கவோ வேலைக்கோ வருகிற தம்பி தங்கைகள் என்னிடம் எங்கே போகலாம் என்று கேட்பதுண்டு. முதலில் ஓபன் மைக்குக்குப் போங்கள், செலவும் குறைவு. கச்சேரிக்கு என்றால் முன்னதாகவே போய்விடுங்கள், மேடைக்கு இடப்பக்கம் கிட்டார்காரரின் இடது கை தெரிகிற மாதிரி இடம் பாருங்கள். போனைப் பையில் போட்டுவிடுங்கள். பல்லவியைப் பாடச் சொன்னால் கூச்சப்படாமல் பாடுங்கள், உச்சரிப்பைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. கையில் பத்து டாலர் ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், கதவுப் பக்கத்து மேஜைக்கு.